ஆச்சா அக்கா?

மகனே,

உன் ஏர்மெயில் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஏதாவது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இரண்டாம் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். தப்பாகப் படிக்கவில்லை. நீ எழுதியது அதுதான். வழக்கமாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, குளிருக்குக் கம்பளி போதுமா என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதெல்லாம் கிடையாது. நீ சாப்பிட்டிருப்பாய், போர்த்திக்கொண்டும் இருப்பாய். உனக்கு வேண்டியதைக் கவனித்துக்கொள்வதில் நீ எப்போதும் கெட்டிக்காரன். இந்தக் கடிதத்தை உன் அறையில் கூட இருக்கிற பையன்கள் படித்தாலும் சரி, இங்கே மேற்கு மாம்பலத்தில் நம் தெருவே கூடிப் படித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்து வைத்து வாழ்ந்ததெல்லாம் போதும்.

இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். அங்கே உன் யுனிவர்சிட்டியில் உனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் டெர்மினல் கொடுத்திருக்கிறார்களாம். மிஷின் உன் உத்தரவுக்குக் காத்திருக்கும்போது வரியின் ஆரம்பத்தில் அடிக்கிற குறியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' என்று வரும்படி மாற்றி வைத்திருக்கிறாயாம். "ஒவ்வொரு வரியிலும் உன் முகம்தாம்மா தெரியுது" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, வேலைக்கு மனுப் போட நம் ஆபீஸ் டைரக்டரிடமிருந்து இன்னொரு சிபாரிசுக் கடிதம் வேண்டும், அவருக்கு எழுதிப் பதில் இல்லை, நீ அவர் ரூமுக்குப் போய் ஞாபகப்படுத்து என்கிறாய். "ஆனா நீ எனக்கு என்ன உறவுன்னு மட்டும் சொல்லிடாதம்மா. பழசையெல்லாம் கிளறினாப்ல ஆயிடும்." இந்த இரண்டையும் ஒரே மூச்சில் எழுத உனக்கு எப்படியப்பா கை வந்தது? பழசைக் கிளற வேண்டாம் என்கிறாய். நான் கிளறத்தான் போகிறேன்.

உன் அப்பா கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் செட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். மாடமாளிகை, கூடகோபுரம் எல்லாம் அட்டையில் எழுப்புவார். நமக்கு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அவர் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு. அவருடைய வேட்டியைக்கூட இன்னும் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை, அதற்குள் நான் தி.நகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துவிட்டேன். சின்னப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து தட்டுத்தட்டென்று தட்டினேன். அங்கே கற்றதை வைத்துத்தான் அடையாறு பக்கம் இந்த ஆராய்ச்சிக் கூடத்தில், கம்ப்யூட்டருக்காக அட்டையில் ஓட்டை போடுகிற கார்டு பஞ்ச் வேலை கிடைத்தது. பஞ்சிங் ரூமில் மிஷின்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது. அட்டையில் ஓர் ஓட்டை தப்பாக விழுந்தால் புரொபசருடைய கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். ஒரு நாளும் என்னால் யாருடைய கணக்கும் தப்பானதில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன், எனக்கென்று வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

நீ நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்தாய் என்று ஊர் சொல்லும். நான் மட்டும் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தெருக்குழாயில் விடிவதற்கு முன்னாலேயே குடங்களை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? குடம்தான் ஆளுக்குப் பதில் நிற்கும். ஒரு கோடையில் நம் குடம் கடைசியில் இருந்தது. தண்ணீர் வந்தபோது முன்னால் இருந்தது. எதிர்வீட்டுக் கமலாவின் குடம் பின்னால் போயிருந்தது. அவள் கத்தினாள். நீ மெதுவாக, "கீழ்வீட்டுப் பையன்தான் மாத்தி வெச்சான், நான் பார்த்தேன்" என்றாய். அவனுக்கு அவன் அப்பா கையால் முதுகில் விழுந்தது. மாற்றி வைத்தது நீ என்று எனக்குத் தெரியும். நம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு நமக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. வாயை மூடிக்கொண்டு இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கே உன்னை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பையன் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அது எவ்வளவு சுலபம் என்று உனக்கு அந்தக் குழாயடியிலேயே தெரிந்துபோயிற்று.

நீ இன்ஜினியரிங் முடித்து, நான் வேலை பார்க்கிற அதே இடத்துக்கு புரோகிராமராக வந்தாய். உன் சொந்த மார்க்கில், சொந்த மூளையில் வந்தாய். வேலையில் சேருவதற்கு முதல் நாள், சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அம்மா, ஆபீஸ்ல நீ எனக்கு அம்மான்னு தெரிய வேணாம். சிபாரிசுல உள்ள வந்தவன்னு பேசுவாங்க." எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒரு பஞ்ச் ஆபரேட்டருடைய சிபாரிசுக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. விலாசத்துக்குத் தி.நகர் மாமா வீட்டைக் கொடுத்தாய். ஒரே பஸ்ஸில் போவோம். நான் லேடீஸ் சீட்டில், நீ முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி நடந்து வருவாய். மத்தியானம் நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை நீ கான்டீனில் சாப்பிடுவாய், அதே தயிர்சாதத்தை நான் பஞ்சிங் ரூமில் சாப்பிடுவேன். உங்கள் செட்டுப் பையன்கள் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். நீ மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாய். "இதைக் கொஞ்சம் பஞ்ச் பண்ணணும்" என்பாய், யாரிடமோ பேசுகிற மாதிரி. மேடம் என்று சொல்ல உனக்கு நாக்கு வரவில்லையே, அந்த மட்டும் பாசம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவள் நான். என்னைச் சொல்ல வேண்டும்.

பிறகு புது மிஷின் வந்தது. கார்டு வேண்டாம், டைப்ரைட்டர் மாதிரி ஒரு டெர்மினலில் உட்கார்ந்து அடித்தால் போதும், பதிலையும் அதே காகிதச் சுருளில் மிஷின் அடித்துக் கொடுத்துவிடும். பஞ்சிங் ரூமிலிருந்து ஒரே ஒருத்தியைத்தான் டெர்மினலுக்கு எடுத்தார்கள், அது நான். சீனியர் ஆபரேட்டர் போஸ்ட் ஒன்று வரும், உங்களுக்குத்தான் என்று டைரக்டரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். முதல் நாள் எனக்கு எல்லாம் வைத்துக் கொடுத்தது நீதான். "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?" என்று கேட்டாய். ரூமில் யாரும் இல்லை. உன்னை வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே அதையே அடித்தாய். அங்கே நீயும் நானும் அம்மா பிள்ளையாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்புறம் நீ ஆரம்பித்தாய் உன் விளையாட்டை. மிஷின் சொன்ன வேலையை முடித்ததும், வரியின் ஆரம்பத்தில் ஒரு சின்னக் குறியை அடித்துவிட்டுச் சும்மா நிற்கும். அடுத்தது என்ன என்று அர்த்தம். நீங்கள் அதற்கு பிராம்ப்ட் என்று பெயர் சொல்வீர்கள். அவரவர் பெயரில் இருக்கிற ஒரு சின்ன ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டால், அந்தக் குறிக்குப் பதில் நாம் வைத்த வார்த்தையை மிஷின் அடிக்கும் என்று கண்டுபிடித்தாய். மயிலாப்பூர் புரொபசருக்கு 'சொல்லுங்கோ' என்று வைத்துக் கொடுத்தாய். அவர் அந்தக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பெண்டாட்டியிடம் காட்டினாராம். உன் சிநேகிதன் ஒருத்தனுக்கு 'இன்னா நைனா'. டைரக்டருக்கு மட்டும் மரியாதையாக 'ரெடி சார்'. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான், ஆனால் படித்தால் நம் பாஷை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் எனக்கு ஒன்று வைத்துக் கொடு என்று உன் மேஜைக்கு வந்து நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. யாரிடம் சொல்வது? அட்டெண்டர் துலுக்காணத்திடம் சொன்னேன், "அந்தப் பையன் கெட்டிக்காரன் இல்ல?" என்று. "அதுக்கு இன்னாக்கா இப்போ, உனுக்கு ஒண்ணும் வெச்சுக் குடுக்கலியே" என்றான். உண்மைதான். என்னுடைய வரியில் வெறும் குறிதான் வந்துகொண்டிருந்தது.

டில்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் மிஷினைப் பார்க்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட டைரக்டர் என்னைத்தான் உட்கார வைத்தார். தப்பு வராது என்ற நம்பிக்கை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையை அன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பெயரை அடித்தேன், பாஸ்வேர்டை அடித்தேன். மிஷின் கடகடவென்று அடித்தது: 'ஆச்சா அக்கா?' கண் சரியில்லையோ என்று நினைத்தேன். ஆபீஸில் அவசரக்காரர்கள் எல்லோரும் தலையை நீட்டி என்னைக் கேட்கிற கேள்வி அது. அணைக்கட்டுக் கணக்கை ஓட்டச் சொல்லி அடித்தேன். கணக்கு அழகாக வந்தது. அதற்குக் கீழே மறுபடியும், 'ஆச்சா அக்கா?' அடுத்த உத்தரவு, அடுத்த பதில், 'ஆச்சா அக்கா?' காகிதம் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது, ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வி. வந்தவர்களில் தமிழ் தெரிந்த நம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அவர் அதை மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. அந்த வரியை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது, நீ சொல்லித் தரவில்லை. திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னல் வழியாக வெளியே ஏதோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த நிமிஷத்தில், "நான்தான் சார் விளையாட்டுக்கு வெச்சேன், இதோ எடுத்துடறேன்" என்று நீ சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். விளையாட்டு என்னைச் சுடவில்லை. ஊரெல்லாம் வைத்துக் கொடுத்தவன் எனக்கும் ஒன்று வைத்தாயே என்று, தனியாக இருந்திருந்தால் ஆசையாகச் சிரித்திருப்பேன். என்னை ஒரு பெயர் சொல்லியும் கூப்பிடாமல் மாசக்கணக்காக நழுவிக்கொண்டிருந்தவன், கடைசியில் எழுதினாய், அக்கா என்று. பெற்றவளை. யாரும் கட்டாயப்படுத்தாமல், தனியாக உட்கார்ந்து யோசித்து, அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாய். அதுதான் சுட்டது, இன்னும் சுடுகிறது.

சாயங்காலம் டைரக்டர் ரூமில் நின்றேன். "இந்த வயசுல இது என்னம்மா விளையாட்டு?" என்றார். "எனக்குத் தெரியாது சார்" என்றேன். "உங்க பேர்ல இருக்கிற ஃபைல். உங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் அதுல எழுத முடியும்னு சொல்றாங்களே" என்றார். உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இவங்களைத் தவிர வேற யாராவது இதை மாத்தியிருக்க முடியுமா?" நீ ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "முடியாது சார். பாஸ்வேர்டு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்." அந்தப் பாஸ்வேர்டு உன் பெயரடா. உன்னைத் தொட்டிலில் போட்டபோது நான் கூப்பிட்ட பெயர். அதை நான் சொல்லியிருந்தால் உன் வேலையும் போயிருக்கும், மேல்படிப்புக்கு நீ மனுப் போட்டுக்கொண்டிருந்த அமெரிக்காவும் போயிருக்கும். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ டைரக்டர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாய். மறு வாரமே என்னை மறுபடி பஞ்சிங் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனியர் ஆபரேட்டர் போஸ்ட், நான் டைப் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் பாவம், என் முகத்தைப் பார்க்கவே கூசினாள். துலுக்காணம் மட்டும், "ஏங்க்கா, நீயா இப்டி பண்ணுவே? எவனோ பேமானி உன் தலைல கட்டிட்டான்" என்றான். பேமானி என்று அவன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, பார். உன்னைத் திட்டுகிறானே என்று கோபம் வந்தது.

டைரக்டர் ரூமில் நின்ற அன்று, வீட்டுக்கு வந்ததும் நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். "சார்கிட்டேர்ந்து சிபாரிசு லெட்டர் மட்டும் கைக்கு வரட்டும்மா. அப்புறம் நானே போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றாய். "சொல்லுவியா?" என்றேன். "உன் மேல சத்தியமா" என்றாய். லெட்டர் கைக்கு வந்தது. சீட்டுக் கிடைக்கட்டும் என்றாய். சீட்டுக் கிடைத்தது. விசா வரட்டும் என்றாய். அதுவும் வந்தது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு ஆபீஸ் பையன்கள் எல்லோரும் மாலையோடு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தன் என்னைப் பார்த்து, "அட, அக்காவும் வந்திருக்கீங்களா!" என்றான். நீ அவர்கள் முன்னால் என் காலில் விழ முடியாது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாய். அப்பளக்கட்டும் ஊறுகாய் ஜாடியும் இருந்த பையை உன்னிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெத்த மனம் பித்து என்கிறார்களே, அதை யாரோ புகழ்ந்து சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது மிஷினில் 'அம்மா' என்று வைத்திருக்கிறாய். யாருக்கும் நம் பாஷை தெரியாத ஊரில், நான் யார் என்று யாரும் கேட்காத இடத்தில். அங்கே அம்மா என்று சொல்ல உனக்கு என்ன செலவு? அதுவும் எந்த இடத்தில்? சொன்னதைச் செய்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று வாயைத் திறக்காமல் நிற்கிற இடத்தில். நீ யோசித்து வைத்திருக்க மாட்டாய். ஆனால் சரியான இடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறாய். நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்களையும் வரியின் ஓரத்தில் நிறுத்தி வைக்காதே என்பதுதான் நான் உனக்குச் சொல்கிற ஒரே புத்திமதி. நாலு பேர் நடுவில், உனக்கு நஷ்டம் வருகிற இடத்தில், இவர்கள் என்னுடையவர்கள் என்று சொல்லப் பழகு. தனியாக இருக்கும்போது காலைப் பிடித்து அழுவது யாருக்கும் வரும்.

நீ சொன்னபடி டைரக்டர் ரூமுக்குப் போனேன். நீ கேட்டதைச் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கம் இல்லையே. "வாங்கம்மா, என்ன விஷயம்?" என்றார். சிபாரிசு கேட்டு அமெரிக்காவிலிருந்து ஒரு பையன் எழுதியிருக்கிறானே சார் என்று உன் பெயரைச் சொன்னேன். "ஆமா, மேஜை மேலதான் இருக்கு. நல்ல பையனாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "என் மகன் சார்" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது, இவ்வளவு நடந்த பிறகும், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அவர் எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னேன், அந்தப் பாஸ்வேர்டு உள்பட. உனக்கு லெட்டர் எழுதுவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எல்லாம் கேட்ட பிறகு, "அன்னைக்கே ஏம்மா சொல்லலை?" என்றார்.

"அவன் சொல்லுவான்னு காத்துக்கிட்டிருந்தேன் சார்" என்றேன்.

உன் அம்மா